புதன்கிழமை மீட்டிங் திங்களா, வெள்ளியா?

ஆங்கிலப் பேச்சிலும் எழுத்திலும் வரும் சந்தேகங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் கிளையன்ட் நியூயார்க்கில் இருக்கிறார்கள். புதன்கிழமை மீட்டிங்கை 'மூவ்டு ஃபார்வர்ட் டூ டேஸ்' என்று மெயில் போட்டார்கள். டீமில் பாதிப் பேர் திங்கள் என்றார்கள், மீதிப் பேர் வெள்ளி என்றார்கள். எது சரி? நாம் சொல்லும் 'ப்ரீபோன்' அவர்களுக்குப் புரியுமா?
– துரைப்பாக்கம் வாசகர்

இரண்டு தரப்பும் சரி. கோளாறு வாக்கியத்தில்தான் இருக்கிறது. மனவியல் ஆய்வாளர்கள் இதே கேள்வியை, இதே புதன்கிழமையை வைத்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களிடமே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் பதில் ஏறக்குறையப் பாதிப் பாதியாகத்தான் பிரிந்தது. நாம் காலத்தினூடே நடந்து போகிறோம் என்று நினைப்பவருக்கு 'ஃபார்வர்ட்' வெள்ளிக்கிழமை. காலம் நம்மை நோக்கி வருகிறது என்று நினைப்பவருக்கு அது திங்கட்கிழமை. தமிழிலும் 'முன்' இரண்டு பக்கமும் கை காட்டும். 'ரெண்டு நாளைக்கு முன்னாடி' என்றால் கழிந்துபோன நாள், 'முன்னாடி பாத்து நட' என்றால் இனி வரப்போகிற வழி. ஆனால் நம்மிடம் 'தள்ளிப் போச்சு' இருக்கிறது. அதைக் கேட்டு யாரும் நாள் முந்திவிட்டது என்று நினைப்பதில்லை.

ஆங்கிலத்திலும் அப்படி உறுதியான சொற்கள் சில உண்டு. பிரிட்டிஷ்காரர் 'பிரிங் ஃபார்வர்ட்' என்றாலும், அமெரிக்கர் 'மூவ் அப்' என்றாலும் நாள் முந்துகிறது. 'போஸ்ட்போன்', 'புஷ் பேக்' இரண்டும் பிந்துவதற்கு. 'மூவ் ஃபார்வர்ட்', 'புஷ் ஃபார்வர்ட்' பக்கம் மட்டும் போகாதீர்கள்.

'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது. போஸ்ட்போனுக்கு ஒரே சொல்லில் எதிர்ச்சொல் தேவைப்பட்ட இடத்தில் இந்திய ஆங்கிலம் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. நல்ல சொல், அதைத் தவறு என்று சிவப்புப் பேனாவால் அடிப்பது நியாயமில்லை. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆபீஸ்களுக்குள் தயங்காமல் எழுதுங்கள். நியூயார்க்கில் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அங்கே எழுதும்போது வினைச்சொல்லை நம்பாமல் நாளையே எழுதிவிடுங்கள்: 'தி மீட்டிங் இஸ் நௌ ஆன் மண்டே, 9 ஜூன், இன்ஸ்டெட் ஆஃப் வெட்னஸ்டே, 11 ஜூன்.'

மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அவர்களுக்கு மார்ச் 4. தேதி 12-க்குள் இருக்கும்வரை இந்தப் பிழை கண்ணிலேயே படாது. நேரத்திலும் இதே கவனம் வேண்டும். 'ஐஎஸ்டி' என்ற சுருக்கத்தை இந்தியா, அயர்லாந்து, இஸ்ரேல் மூன்றுமே வைத்திருக்கின்றன. நியூயார்க்குக்கும் சென்னைக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும் நாட்கள். அந்த வாரங்களில் 'சென்னை டைம்', 'நியூயார்க் டைம்' என்று இரண்டையும் போட்டுவிட்டால் யாரும் ஆளில்லாத மீட்டிங்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

நீங்கள் சாஃப்ட்வேர் துறையில் இருந்தால் இன்னொன்று. 'ப்ளீஸ் ரிவர்ட்' என்பதை நாம் 'பதில் போடுங்கள்' என்ற பொருளில் எழுதுகிறோம். அமெரிக்கருக்கு ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. சாஃப்ட்வேரில் அது ஒரு கட்டளையே: புரோகிராமில் செய்த மாற்றத்தை நீக்கி, முன்பிருந்தபடி ஆக்குவது. 'ப்ளீஸ் ரிவர்ட் ஆன் திஸ் சேஞ்ச்' என்று நீங்கள் எழுதினால், அங்கே ஒருவர் அந்த மாற்றத்தையே எடுத்துவிடக்கூடும். 'ரிப்ளை' என்று எழுதினால் போதும்.

என் மகளிடம் போன் இன்டர்வியூவில் 'டோன்ட் யூ ஹேவ் எனி எக்ஸ்பீரியன்ஸ் இன் சேல்ஸ்?' என்று கேட்டார்கள். அனுபவம் இல்லை என்ற அர்த்தத்தில் 'எஸ்' என்று சொன்னாள். கேட்டவர் அனுபவம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, அடுத்தடுத்து சேல்ஸ் பற்றியே கேட்டார். அவள் சொன்னதில் என்ன தப்பு?
– நங்கநல்லூர் வாசகி

உங்கள் மகள் சுத்தமான தமிழ் இலக்கணப்படி பதில் சொல்லியிருக்கிறார். 'நீ சாப்பிடலையா?' என்று கேட்டால் நாம் 'ஆமா, சாப்பிடல' என்போம். அந்த 'ஆமா' கேட்டவரின் பேச்சை ஒப்புக்கொள்கிறது. ஜப்பானியரும் கொரியரும்கூட இப்படித்தான் பதில் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் 'எஸ்', 'நோ' இரண்டும் கேட்டவரைப் பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கின்றன. இருந்தால் எஸ், இல்லாவிட்டால் நோ. கேள்வி எப்படிச் சுற்றி வந்தாலும் இது மாறாது.

பழகுவதற்கு ஒரு வழி: கேள்வியில் இருக்கும் 'நாட்'டை மனதுக்குள் தூக்கிவிடுங்கள். 'டோன்ட் யூ ஹேவ்' என்பதை 'டூ யூ ஹேவ்' என்று கேட்டதாக நினைத்துப் பதில் சொல்லுங்கள். பிறகு வெறும் எஸ், நோவோடு நிறுத்தாமல் வாலையும் சேருங்கள்: 'நோ, ஐ டோன்ட்.' 'எஸ், ஐ டூ.' முதல் சொல் தவறிப் போனாலும் வால் காப்பாற்றிவிடும். அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்து விசா ஜன்னலில் நிற்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம். அங்கே கேள்வி வேகமாக வரும், பதில் பதிவாகிவிடும்.

இதே வீட்டைச் சேர்ந்த இன்னொரு சிக்கல் 'டு யூ மைண்ட்'. 'வுட் யூ மைண்ட் வெய்ட்டிங்?' என்றால் 'காத்திருப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?' என்று பொருள். சம்மதம் என்றால் 'நாட் அட் ஆல்' சொல்ல வேண்டும். 'எஸ்' என்றால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆங்கிலேயர்களே இந்த இடத்தில் 'ஷ்யூர்' என்று சொல்லிச் சமாளிப்பது உண்டு. நீங்களும் சொல்லலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அமெரிக்க சமையல் குறிப்பைப் பார்த்து கார்ன் பிரெட் செய்தேன். கார்ன் ஃப்ளார் ஒன்றரைக் கப் போடச் சொன்னார்கள், அப்படியே போட்டேன். வெள்ளைக் களிமாதிரி வந்தது. அளவில் தப்பா?
– அண்ணா நகர் வாசகி

அளவில் தப்பில்லை, பாக்கெட் வேறு. நம் கடையில் 'கார்ன் ஃப்ளார்' என்று விற்பது மக்காச்சோளத்திலிருந்து மாவுச்சத்தை மட்டும் பிரித்தெடுத்த வெள்ளைப் பொடி. விரலில் தேய்த்தால் நறநறவென்று சத்தம் வரும். பிரிட்டனிலும் அதே பொடிக்கு அதே பெயர். அமெரிக்காவில் அதை 'கார்ன் ஸ்டார்ச்' என்பார்கள். அவர்கள் 'கார்ன் ஃப்ளார்' என்பது முழுச் சோளத்தை அரைத்த மாவு. அதையே கொஞ்சம் ரவை பதத்தில் அரைத்தால் 'கார்ன் மீல்'. மாவுச்சத்தில் சோளத்தின் ருசியும் இல்லை, நாரும் இல்லை. ஒன்றரைக் கப் போட்டுச் சூடாக்கினால் அது பசையாகத்தான் ஆகும். அடுத்த முறை மக்காச்சோள மாவு என்று கேட்டு வாங்குங்கள். வடஇந்தியச் சாமான் விற்கும் கடைகளில் 'மக்கி ஆட்டா' என்றால் கொடுப்பார்கள்.

தலைகீழாகவும் மாட்டிக்கொள்ளலாம். பிரிட்டிஷ் குறிப்பில் குழம்பைக் கெட்டியாக்க கார்ன் ஃப்ளார் என்று இருந்தால் நம் வெள்ளைப் பொடிதான் சரி. ஒரு கப் திரவத்துக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கணக்கு. கொதிக்கிற குழம்பில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டும், முதலில் இரண்டு ஸ்பூன் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு ஊற்றுங்கள்.

அமெரிக்கக் குறிப்புகள் படிப்பவராக இருப்பதால் இன்னும் சில: 'சிலான்ட்ரோ' கொத்தமல்லித் தழை, 'கோரியாண்டர்' என்று மட்டும் போட்டிருந்தால் தனியா. பிரிட்டனில் இரண்டுக்குமே கோரியாண்டர்தான், தழையா விதையா என்பதை அளவைப் பார்த்து ஊகிக்க வேண்டும். 'பிராயில்' என்றால் கொதிக்க வைப்பது இல்லை, ஓவனில் மேலிருந்து வரும் அனலில் வாட்டுவது. அதையே பிரிட்டனில் 'கிரில்' என்பார்கள். 'ஒன் ஸ்டிக் பட்டர்' 113 கிராம், நம் 100 கிராம் கட்டியைவிடக் கொஞ்சம் கூடுதல். 'ஹெவி கிரீம்' என்றால் 36 சதவீதமாவது கொழுப்பு இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். நம் ஊர் டெட்ரா பாக்கெட் ஃப்ரெஷ் கிரீமில் பெரும்பாலும் 25 சதவீதம்தான் இருக்கும். எவ்வளவு நேரம் அடித்தாலும் அது நுரைத்து நிற்காது, கை வலிதான் மிச்சம். டேபிள்ஸ்பூன் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. ஆஸ்திரேலியக் குறிப்பில் உப்பு குறைவாகத் தெரிந்தால் காரணம் இது.

ஸ்டெப்னி என்று நான் சொன்னதைக் கேட்டு டெக்சாஸில் இருக்கும் என் சகலை சிரிக்கிறார். அப்படி ஒரு ஆங்கிலச் சொல்லே இல்லை என்கிறார். புதுப்பேட்டை முழுக்க ஸ்டெப்னி என்றுதானே கேட்கிறார்கள்?
– பல்லாவரம் வாசகர்

உங்கள் சகலையிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஆரம்ப கால மோட்டார் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. வழியில் பஞ்சர் ஆனால் அங்கேயே டயரைக் கழற்றி ஒட்டி மாட்ட வேண்டும். 1904 வாக்கில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், லனெல்லி என்ற ஊரில், டேவிஸ் சகோதரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆரக்கால் இல்லாத ஒரு வளையம், அதில் காற்றடித்துத் தயாராக ஒரு டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே, அதன் பக்கத்தில் இந்த வளையத்தைக் கவ்வி மாட்டிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம். அவர்கள் கடை இருந்தது அந்த ஊர் ஸ்டெப்னி தெருவில். தெருவின் பெயரே பொருளுக்கு ஆனது. பிரிட்டனில் பொருள் வழக்கொழிந்ததும் சொல்லும் போய்விட்டது. இந்தியாவிலும் மால்டாவிலும் அது நிலைத்துவிட்டது. பிரேசில்காரர்கள் இன்றும் 'எஸ்டெப்பி' என்கிறார்கள். ஆகவே ஸ்டெப்னி பிறப்பால் பிரிட்டிஷ் சொல். அமெரிக்காவில் மட்டும் 'ஸ்பேர் டயர்' என்று கேளுங்கள்.

'டிக்கி'யும் அப்படி வந்ததே. பழைய கார்களின் பின்பக்கம் மூடியைத் திறந்தால் விரியும் இருக்கைக்கு பிரிட்டனில் 'டிக்கி சீட்' என்று பெயர். இருக்கை போய்ச் சாமான் வைக்கும் இடம் வந்த பிறகும் நம் நாட்டில் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது பிரிட்டனில் 'பூட்', அமெரிக்காவில் 'ட்ரங்க்'. பானட் அங்கே 'ஹூட்', சைலன்சர் 'மஃப்ளர்'. 'பெட்ரோல் பங்க்' தென்னிந்தியாவுக்கு வெளியே எடுபடாது.

அங்கே போய் வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரிட்டன் பங்கில் பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்பு டீசல். அமெரிக்காவில் பல இடங்களில் பச்சைதான் டீசல். நிறத்தைப் பார்க்காமல் குழாயில் இருக்கும் எழுத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள். மைலேஜ் கணக்கிலும் வேறுபாடு உண்டு: பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். 'கேலனுக்கு 40 மைல்' என்றால் பிரிட்டிஷ் கணக்கில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர், அமெரிக்கக் கணக்கில் 17. எந்த நாட்டு விளம்பரம் என்று பார்த்துவிட்டு வண்டியை ஒப்பிடுங்கள்.

'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதியதை அடித்துவிட்டார்கள். ஏன்?
– அம்பத்தூர் வாசகர்

இரண்டு திருத்தம் வேண்டும். 'அஞ்சு வருஷமா வேலை பாக்கறேன்' என்று தமிழ் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்' என்று சொல்கிறது. பிறகு, காலண்டரில் விரல் வைத்துக் காட்டக்கூடிய இடம் என்றால் 'சின்ஸ்': சின்ஸ் 2020, சின்ஸ் தீபாவளி. அளந்து சொல்லும் நீளம் என்றால் 'ஃபார்': ஃபார் ஃபைவ் இயர்ஸ்.

ரெஸ்யூமேயில் இன்னொரு பொறி. 'ஐ ஒர்க்டு ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதினால் நீங்கள் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்றால் 'ஹேவ் ஒர்க்டு' வேண்டும். அந்த ஒரு 'ஹேவ்' விட்டுப்போனால், எப்போது ராஜினாமா செய்தீர்கள் என்று கேள்வி வரும்.

லண்டன் மேனேஜர் என் ரிப்போர்ட்டை 'கொய்ட் குட்' என்றார். மகிழ்ந்தேன். நண்பர் அது பாராட்டே இல்லை என்கிறார்.
– பெருங்குடி வாசகி

நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பிரிட்டிஷ் வாயில் 'கொய்ட் குட்' என்றால் 'பரவாயில்லை, இன்னும் செய்யலாம்'. 'கொய்ட்' என்ற சொல்லை அழுத்திச் சொன்னால் மதிப்பு இன்னும் இறங்கும். அமெரிக்கர் அதே இரண்டு சொல்லைச் சொன்னால் 'ரொம்ப நல்லா இருக்கு'. மாறாக, பிரிட்டிஷ்காரர் 'நாட் பேட்' என்றால் அது பெரும்பாலும் நல்ல பாராட்டு. கூட்டவோ குறைக்கவோ முடியாத சொற்களோடு வரும்போது மட்டும் இரு நாட்டிலும் ஒரே பொருள்: 'கொய்ட் இம்பாஸிபிள்' என்றால் அறவே முடியாது.

இதைவிடப் பெரிய வில்லங்கம் 'டேபிள்'. ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனிலும் நம் சட்டமன்றத்திலும் அவையின் முன் வைப்பது. அமெரிக்காவில் அதை ஒத்திப்போட்டு ஓரம் கட்டுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டுத் தளபதிகள் ஒரு தாளை 'டேபிள்' செய்வது பற்றி நெடுநேரம் சூடாக வாதாடினார்கள் என்றும், இரு தரப்பும் கேட்டது ஒன்றையே என்று பிறகுதான் தெரிந்தது என்றும் சர்ச்சில் எழுதியிருக்கிறார். இரு நாட்டவரும் இருக்கும் அஜெண்டாவில் 'டிஸ்கஸ்', 'போஸ்ட்போன்' என்று வெளிப்படையாக எழுதுங்கள். 'டிஸ்கஸ்'ஸுக்குப் பின்னால் 'அபௌட்' வேண்டாம்.

'எக்ஸெப்ஷன் ப்ரூவ்ஸ் தி ரூல்' என்கிறார்கள். விதிவிலக்கு இருந்தால் விதி உடையத்தானே வேண்டும், எப்படி நிரூபிக்கும்?
– மயிலாப்பூர் வாசகர்

நீங்கள் சந்தேகப்பட்டது சரி. விதிக்கு மாறாக ஒன்றைக் காட்டியவுடன் 'அது விதிவிலக்கு, விதியைத்தான் நிரூபிக்கிறது' என்று சொல்லி வாயை அடைப்பது அந்தத் தொடரைத் தலைகீழாகப் பிடிப்பது. அது லத்தீன் சட்ட வழக்கிலிருந்து வந்தது. முழு வடிவத்தின் பொருள்: விலக்கு என்று ஒன்றைக் குறிப்பிட்டுச் சொன்னால், விலக்காத மற்ற எல்லாவற்றுக்கும் விதி உண்டு என்பது அதிலிருந்தே தெரிகிறது. ஓர் அருங்காட்சியக வாசலில் 'வெள்ளிக்கிழமை அனுமதி இலவசம்' என்று பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் கட்டணம் உண்டு என்று எங்கும் எழுதவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமையை மட்டும் பிரித்துச் சொன்னதே அதற்குச் சாட்சி. வாடகை ஒப்பந்தத்தில் 'ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் வாகனம் நிறுத்தலாம்' என்று ஒரு வரி இருந்தால், மற்ற நாளில் நிறுத்தக் கூடாது என்று வீட்டுக்காரர் வாதாடுவதும் இந்த அடிப்படையில்தான். கையெழுத்துப் போடும் முன் அப்படிப்பட்ட வரிகளை இரண்டு முறை படியுங்கள்.

'ஐ ஆம் ஹியர் ஒன்லி', 'டுடே இட்செல்ஃப்' இவற்றை எப்படித் திருத்துவது?
– பெரம்பூர் வாசகி

இரண்டும் நம் 'தான்', 'ஏ' ஆங்கிலச் சட்டை போட்டு வந்தவை. சென்னைக்குள் எல்லோருக்கும் புரியும். வெளியாருக்கு 'இங்கேதான் இருக்கேன்' என்பதை 'ஐ ஆம் ரைட் ஹியர்' என்று சொல்லுங்கள். 'அவர்தான் சொன்னார்' என்பதற்கு 'ஹீ இஸ் தி ஒன் ஹூ டோல்ட் மீ'. 'ஹீ ஒன்லி டோல்ட் மீ' என்றால் அவர் சொல்ல மட்டும் செய்தார், வேறொன்றும் செய்யவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். 'இன்னைக்கே' என்பதற்கு வெறும் 'டுடே' போதும், அழுத்தம் வேண்டுமானால் 'திஸ் வெரி டே'.

2022-ல் கல்லூரியில் 'பாஸ்ட் அவுட்' என்று எழுதலாமா?
– குரோம்பேட்டை வாசகர்

இந்தியக் கம்பெனிக்கு எழுதலாம். பறங்கிமலை ஆபீஸர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் நடக்கும் 'பாஸிங் அவுட் பரேடு' என்ற பெயரில் இருப்பது இந்த பிரிட்டிஷ் ராணுவ வழக்குத்தான். ராணுவம் தவிர்த்த மற்ற இடங்களில், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும், 'பாஸ்ட் அவுட்' என்றால் மயங்கி விழுந்தார் என்று பொருள். 'கிராஜுவேட்டட் இன் 2022' என்று எழுதுங்கள்.

'அ ஹெச்-ஒன்பி விசா'வா, 'ஆன் ஹெச்-ஒன்பி விசா'வா?
– வேளச்சேரி வாசகர்

எழுத்தைப் பார்க்காதீர்கள், காதுக்கு வரும் முதல் ஒலியைப் பாருங்கள். உயிரொலி என்றால் 'ஆன்': ஆன் எம்எல்ஏ, ஆன் எஃப்ஐஆர், ஆன் ஹவர். 'யூ', 'வ' ஒலி என்றால் 'அ': அ யுனிவர்சிட்டி, அ யூபிஐ பேமென்ட், அ ஒன் ருபீ காயின். நாம் அந்த எழுத்தை 'ஹெச்' என்று சொல்வதால் பேச்சில் 'அ ஹெச்-ஒன்பி' வருவது இயல்பு. அமெரிக்கர் அதை 'எய்ச்' என்று சொல்வதால் அவர்களுக்கு 'ஆன்'. விண்ணப்பத்தைப் படிக்கப் போகிறவர் அவர் என்பதால், எழுத்தில் 'ஆன்' போடுங்கள்.